நாட்பட்ட தசைவலியும் குடியானவர் உணவும்

நெற்பயிரின் இலை மஞ்சளித்துக் காணும்போது அநுபவமுள்ள குடியானவர் உடனே யூரியா மூட்டையை அவிழ்ப்பதில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, அல்லது வடிகால் இன்றி நீர் தேங்கி வேர் கெட்டதா என்று ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்த பின்னரே செலவு செய்ய முற்படுவார். அதே குடியானவர், தம் தொடையும் தோளும் இடுப்பும் மாதக்கணக்காக வலிக்கும்போது, காரணத்தை விசாரிப்பதில்லை. "வயதாகிவிட்டது", "வாயு பிடித்துக்கொண்டது" என்று சொல்லிக்கொண்டு, கடையில் கிடைத்த வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஏரைப் பூட்டுகின்றார். நடவுக்கும் அறுவடைக்கும் வேண்டிய கைகள் இவ்வாறு ஆண்டுதோறும் வலுவிழக்கின்றன. பயிருக்குக் காட்டும் விசாரணையை உடலுக்கும் காட்டினால், இவ்வலிகளில் ஒரு பகுதியை அடுப்பங்கரையிலேயே தணிக்கலாம். உணவால் தீருவது எது, மாத்திரை வேண்டுவது எது, இரண்டினாலும் தீராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டியது எது என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவான்மியூரும் மருந்தும்

சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டியுள்ள திருவான்மியூர், முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமமாக இருந்தது. இன்று அது நகரத்தின் ஒரு பகுதி. அங்கே எழுந்தருளியுள்ள சுவாமிக்கு மருந்தீசுவரர் என்று பெயர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் அது. அகத்திய முனிவருக்கு வன்னி மரத்தடியில் மூலிகைகளின் குணங்கள் உபதேசிக்கப்பட்டன என்பது தல வரலாறு. காமதேனு பால் சொரிந்தமையால் பால்வண்ணநாதர் என்ற திருநாமமும் உண்டு. நோய் தீர வேண்டிச் சுற்றுப்புறக் கிராமத்தார் இன்றும் அங்கே வருகின்றனர்.

மூலிகையையும் பாலையும் ஒருங்கே நினைவூட்டும் இவ்வூரைச் சுற்றியே உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சிகள் சில நடந்திருக்கின்றன. சில மைல் தொலைவில் கிண்டியில் உள்ள கிங் நிலையத்தார் 1937-ல் கிணற்று நீரால் வரும் எலும்பு நோயை வெளிப்படுத்தினர். அடுத்துள்ள தரமணியில் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம், கொல்லிமலையின் சாமை, தினை முதலிய சிறு தானியங்களைக் காப்பதிலும், சத்துக் குறைவைப் பண்ணையின் வாயிலாகவே போக்கும் முறைகளிலும் ஈடுபட்டு வந்திருக்கின்றது. ஆகவே நாட்பட்ட வலியையும் உணவையும் பற்றிய பேச்சை இவ்வூரை முன்னிட்டுத் தொடங்குவது பொருத்தமேயாகும்.

வலிக்கு உள்ள பல காரணங்கள்

உழைப்பினால் வரும் வலி இரண்டு மூன்று நாட்களில் தானே அடங்கும். பல நாள் ஏர் பிடிக்காதவர் திடீரென்று பிடித்தால் தொடை வலிப்பது இவ்வகை. இதற்கு ஓய்வும், போதிய நீரும், வழக்கமான ஆகாரமும் போதும். மூன்று மாதத்திற்கு மேற்பட்டு நீடிக்கும் வலியே நாட்பட்ட வலி எனப்படும்.

நாட்பட்ட வலிக்கு உணவு சம்பந்தமான காரணங்கள் ஆறு எனக் கொள்ளலாம். அவை: சுண்ணாம்புச் சத்துக் குறைவு, வைட்டமின் டி குறைவு, பி தொகுதியைச் சேர்ந்த வைட்டமின்களின் குறைவு, இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை, புரதக் குறைவு, குடிநீரில் ஃப்ளோரைடு மிகுதல் ஆகியவை. பயிருக்கு எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலை நிர்ணயிக்கும் என்பது குடியானவர் அறிந்த விதி. உடலுக்கும் அவ்விதி பெரும்பாலும் பொருந்தும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தவருக்கு இரும்பு மாத்திரை கொடுப்பதால் எலும்பு வலி தீராது.

தீட்டிய அரிசி தந்த பாடம்

உணவுக் குறைவு தசையை நேரே தாக்கும் என்பதற்குப் பழைய சென்னை மாகாணமே சாட்சி. அம்மாகாணத்தின் வட சர்க்கார் ஜில்லாக்களில், இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை முக்கிய உணவாகக் கொண்டோரிடையே பெரிபெரி என்னும் வியாதி பரவியிருந்தது. அதில் கெண்டைக்கால் தசை அழுத்தினால் வலிக்கும், கால் மரத்துப்போகும், குந்தி உட்கார்ந்தவர் எழுந்திருக்கத் தடுமாறுவார். இவ்வியாதியை ஆராயும் பொருட்டு 1918-ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவரின் தலைமையில் ஒரு சிறு ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் விளங்கி வருகின்றது.

தமிழ் ஜில்லாக்களில் இந்நோய் பெரும்பாலும் காணப்படவில்லை. காரணம், இங்குள்ளோர் நெல்லை அவித்துக் குத்திய புழுங்கலரிசியை உண்டு வந்தனர். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 சத்து அரிசியின் உட்புறத்தே ஊறிச் செல்கின்றது. அதன் பின்னர்த் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும். நம் பாட்டிமார்கள் செய்துவந்த காரியத்தின் காரணத்தைக் குன்னூர் ஆராய்ச்சி பின்னர் விளக்கியது என்றே சொல்ல வேண்டும்.

இன்று பெரிபெரி அரிது. ஆயினும் மிகையாக மது அருந்துவோருக்கு இச்சத்துக் குறைவு இப்பொழுதும் வருகின்றது. வெண்மை வேண்டி மேலும் மேலும் தீட்டிய அரிசியை வாங்கி, பலமுறை அலம்பி, கஞ்சியையும் வடித்துக் கொட்டும் வீடுகளில், இருந்த சத்தும் போய்விடுகின்றது. புழுங்கலரிசியை உபயோகித்து, ஓரிரு முறை மட்டும் அலம்பி, வடித்த கஞ்சியையும் ஆகாரத்தில் சேர்த்துக்கொள்வது செலவில்லாத சீர்திருத்தமாகும்.

எரியும் பாதங்களும் பி12 குறைவும்

1946-ல் சேலத்தில் பிறந்தவரான டாக்டர் சி. கோபாலன், சென்னையில் ஏழை நோயாளிகளிடம் கண்ட "எரியும் பாதம்" என்னும் நிலையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பாதங்களில் தாங்கமுடியாத எரிச்சலும் குத்தலும் அதன் அடையாளம். பி தொகுதியைச் சேர்ந்த பான்டோதெனிக் அமிலத்தைக் கொடுத்தபோது குணம் கண்டதை அவர் தெரிவித்தார். பிற்காலத்தில் அவரே மேற்சொன்ன ஊட்டச்சத்து நிறுவனத்தின் தலைவராக விளங்கினார்.

இக்காலத்தில் பாத எரிச்சலும், மரத்துப்போதலும், கால் சோர்வும் உள்ளவர்களிடம் முக்கியமாகக் கவனிக்க வேண்டுவது பி12 குறைவு. இச்சத்து பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் ஆகியவற்றில் மட்டுமே உண்டு. கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் இல்லை. ஆகவே சைவ உணவுக்காரர், அதிலும் பாலைக் காப்பியில் மட்டும் காணும் முதியோர், இக்குறைவுக்கு எளிதில் ஆளாகின்றனர். சர்க்கரை வியாதிக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை உண்போருக்கும் இச்சத்துக் குறையக்கூடும். பி12 குறைவைக் கவனியாது விட்டால் நரம்புக்கு நேரும் கேடு நிரந்தரமாகிவிடலாம். கடற்கரைக் குப்பங்களில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலி முதலிய சிறு மீன்கள் இச்சத்தையும் புரதத்தையும் ஒருங்கே தருவன. முள்ளோடு உண்ணும் நெத்திலியால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

சுண்ணாம்புச் சத்தும் சூரிய வெளிச்சமும்

நாட்பட்ட வலியில் மிகவும் ஏமாற்றுவது எலும்பு மென்மையடையும் நோய். அதில் வலி இடுப்பிலும் விலாவிலும் தொடையிலும் பரவலாக இருக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. படி ஏறுவதற்கு மலைப்பாக இருக்கும். நடை வாத்து நடை போலாகும். பல குழந்தைகளைப் பெற்றுப் பாலூட்டிய தாய்மாரிடமும் வயோதிகரிடமும் இந்நிலை வாதம் என்று எண்ணப்பட்டு, வருஷக்கணக்காகத் தைலம் பூசுவதோடு நின்றுவிடுகின்றது. இதன் காரணம் வைட்டமின் டி குறைவும் சுண்ணாம்புச் சத்துக் குறைவுமே.

வைட்டமின் டி சத்தைச் சூரிய வெளிச்சம் நம் தோலிலேயே உண்டாக்குகின்றது. காலைக் கருக்கலின் இளவெயிலை விட, முற்பகல் பத்து மணிக்கு மேல் பிற்பகல் இரண்டு மணிக்குள் உள்ள வெயிலே இதற்கு ஏற்றது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். கையும் காலும் முகமும் வெயிலில் பட, வாரத்தில் பல நாள் அரை மணிக்குள் நின்றால் போதும். கோடை உச்சியில் வெப்பம் தாக்காதவாறு நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெயிலே இவ்வளவு மிகுந்த நாட்டில் இக்குறைவு எவ்வாறு வரும் என்று ஐயுறலாம். ஆனால் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் பகல் முழுவதும் இருப்போரிடம் இது சர்வ சாதாரணம்.

திருப்பதியிலிருந்து 2007-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று குடியானவர்கள் கருத்தூன்ற வேண்டியது. நகரத்தாரைக் காட்டிலும் வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு வைட்டமின் டி மிகுதியாக இருந்தது. ஆனால் அவர்களுடைய உணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாக இருந்தது. தானியத்தில் உள்ள பைட்டேட் என்னும் பொருளோ, கிடைத்த சிறிதளவையும் குடல் ஏற்காதபடி கட்டிவிடுகின்றது. வயலில் வெயில் தாராளம். தட்டில் சுண்ணாம்புச் சத்துத் தட்டுப்பாடு. இதுவே நம் கிராமங்களின் நிலை.

கிணற்று நீரையும் சந்தேகிக்க வேண்டும்

ஊரில் ஒருவர் இருவருக்கன்றிப் பலருக்கும், இளவயதினருக்கும்கூட, முதுகும் கழுத்தும் விறைத்து வலி காணுமாயின் உணவை மட்டுமன்றி நீரையும் சோதிக்க வேண்டும். கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாசாரி ஆகியோர் 1937-ல், அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாக் கிராமங்களில், நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் எலும்புகள் தடித்து மூட்டுகள் அசையாமல் போன நோயாளிகளைப் பற்றி எழுதினர். கால்நடைகளிலும் இந்நோய் 1930-களிலேயே அறியப்பட்டது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களின் பாறைப் பகுதிகளில் இக்கேடு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் இதன் பொருட்டே 2013-ல் தொடங்கப்பெற்றது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம். வேறு நீர் கிடைக்காவிடின் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்திய அளவுத் திட்டம். நீரைக் காய்ச்சுவதால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அதன் அடர்த்தி மிகும். குழந்தைகளின் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ காண்பது முதல் எச்சரிக்கை. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவு உண்போரை ஃப்ளோரைடு மேலும் கடுமையாகத் தாக்கும். எலும்பில் ஏறிய கேட்டை இறக்குவது கடினம். மாற்று நீரும், மழைநீர்ச் சேமிப்பும், நல்லுணவுமே பரிகாரம்.

ஒரு நாள் உணவுக் கணக்கு

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டு அளவுகள் கூறுகின்றன. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். அதாவது 65 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 54 கிராம்.

சாதாரணமாக ஒரு குடியானவர் 400 கிராம் அரிசியும், 30 கிராம் துவரம் பருப்பும், சிறிது மோரும், கத்தரியோ வாழைக்காயோ சேர்ந்த கறியும் உண்பதாக வைத்துக்கொள்வோம். வயிறு நிறையும். ஆனால் அரிசி 100 கிராமில் உள்ள சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே நாள் முழுவதும் உண்டதைக் கூட்டினாலும் 150 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. வேண்டியதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இதையே பின்வருமாறு மாற்றலாம். அரிசியை 200 கிராமாகக் குறைத்தால் 20 மில்லிகிராம். கேழ்வரகு 100 கிராம் சேர்த்தால் 344 மில்லிகிராம். பசும்பால் அல்லது தயிர் கால் லிட்டரில் சுமார் 300 மில்லிகிராம். முருங்கைக் கீரை 50 கிராமில் 220 மில்லிகிராம். எள் 10 கிராமில் 145 மில்லிகிராம். மொத்தம் 1029 மில்லிகிராம். இவற்றில் விலை கொடுத்து வாங்க வேண்டியது அனேகமாக ஒன்றுமில்லை. நிலமும் மாடும் உள்ள வீட்டில் யாவும் சொந்த விளைவே.

புரதத்திற்கு, பருப்பை 60 கிராமாக உயர்த்தியும், ஒரு பிடி நிலக்கடலையோ வேகவைத்த கொள்ளோ சேர்த்தும், அசைவர்கள் ஒரு முட்டையோ சிறிது மீனோ உண்டும் கணக்கைச் சரிசெய்யலாம். கொள்ளு 100 கிராமில் 22 கிராம் புரதமும் 287 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. மாட்டுக்கு அவித்து வைப்பதில் ஒரு பங்கை வீட்டுப் பானையிலும் போடுவதில் இழிவொன்றுமில்லை.

கேழ்வரகையும் பயறுகளையும் முளைகட்டி அரைத்தால், அல்லது கூழாகக் கரைத்து ஓரிரவு புளிக்கவைத்தால், மேற்சொன்ன பைட்டேட் குறைந்து சுண்ணாம்பும் இரும்பும் உடலில் சேரும். இரும்புச் சத்துள்ள உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதும், உணவுண்ட ஒரு மணி நேரத்திற்குத் தேநீர், காப்பி அருந்தாதிருப்பதும் நல்லது. சோகைக்குக் கொக்கிப் புழுவும் காரணமாதலால், வயலில் செருப்பணிதலும் கழிப்பிடத்தை உபயோகித்தலும் உணவைப் போலவே முக்கியம்.

அறுவடைக் காலத்தில் வியர்வை மிகுந்து கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால், உப்பிட்ட மோரும் நீராகாரமும் கைகண்ட உதவி. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மட்டும் உப்பை வைத்தியர் சொற்படி அளவாகச் சேர்க்க வேண்டும்.

மாத்திரைகளும் தூள்களும்

உணவைத் திருத்துவதற்கு முன்னரே சத்து மாத்திரையைத் தேடுவது, எரு இடாத நிலத்தில் இலைவழித் தெளிப்பை மட்டும் நம்புவதற்கு ஒப்பாகும். எனினும் கடுமையான குறைவு ஏற்பட்டுவிட்டால் உணவு மட்டும் போதாது. அப்போது மாத்திரை அவசியமே. ஆனால் மண்ணைச் சோதித்து உரமிடுவது போல, இரத்தத்தைச் சோதித்து மாத்திரை உண்ண வேண்டும்.

வைட்டமின் டி, 60,000 அலகு கொண்ட பொட்டலங்களாகவும் உருண்டைகளாகவும் விற்கப்படுகின்றது. இது வாரம் ஒரு முறை, வைத்தியர் கூறும் சில வாரங்களுக்கு மட்டும் உட்கொள்ளத்தக்கது. நாள்தோறும் தேவையோ சுமார் 600 அலகு மாத்திரம். வாரத்திற்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று தவறாக எண்ணி உண்டால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, வாந்தியும் மயக்கமும் தோன்றி, சிறுநீரகம் கெடும். எழுத்தறியாத முதியோருக்கு வீட்டார் நாட்காட்டியில் நாளைக் குறித்துக் கொடுத்தல் வேண்டும்.

பி12 குறைவு நிச்சயமாயின் மாத்திரையோ ஊசியோ விரைவில் குணம் தரும். இரும்பு மாத்திரை சோகை உள்ளவருக்கே. சோகை இல்லாத ஆண்கள் அதை வலிக்கு மருந்தாக உண்பதில் பயனில்லை. தசை இழுப்புக்கு மக்னீசிய மாத்திரை பெரிதும் விளம்பரமாகின்றது. முதியோருக்கு வரும் சாதாரணக் கெண்டைக்கால் இழுப்பில் அதனால் சொல்லத்தக்க நன்மை இல்லையென்றே சோதனைகள் காட்டியுள்ளன. விலையுயர்ந்த புரதத் தூளில் கிடைப்பது கொள்ளிலும் கடலையிலும் முட்டையிலும் கிடைப்பதே.

நாட்டு மருந்துகள்

சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பது என்று வகுத்துள்ளன. முடக்கத்தான், பிரண்டை, சுக்கு, கொள்ளு, மஞ்சள் என்பன வலிக்கு நெடுங்காலமாக வழங்கி வருவன. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் உளுந்தங்களியும் உணவாகவே நல்லவை. உணவின் அளவில் கொள்வதால் கேடில்லை. மஞ்சளினால் முழங்கால் வலி ஓரளவு தணிவதாகச் சில சோதனைகள் கூறுகின்றன. ஆனால் மஞ்சளின் சாரத்தை அடக்கிய மாத்திரைகளை மிகையாக உண்டோரில் சிலருக்கு ஈரல் வீக்கம் கண்டதும் உண்டு. சித்த வைத்தியத்தை நாடுவோர், 2005-ல் தாம்பரத்தில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் சித்தப் பிரிவுகளிலும் பட்டம் பெற்ற வைத்தியரைக் காணலாம்.

சந்தைகளில் பெயரில்லாப் பொட்டலமாக விற்கும் "ஒரே நாளில் வலி போக்கும்" தூள்களை அறவே விலக்க வேண்டும். இவ்வகைப் பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. முதல் வாரத்தில் வலி மாயமாய்ப் போகும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு நொய்யும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளையும் மாதக்கணக்கில் உண்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாகும். வெயிலில் நீர் வற்றிய உடலோடு அவற்றை உண்பது இரட்டிப்பு அபாயம்.

உணவால் தீராத வலிகள்

சில வலிகளில் உணவுமுறையை நம்பிக் காலங்கடத்துவது உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சலும், கெண்டைக்கால் தசையில் கடும் வலியும், கண் சிவத்தலும் சேர்ந்து காணின் அது எலிக் காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வேலை செய்வோருக்கு இது வரும்; அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சிக்குன்குனியாக் காய்ச்சல் 2006-ல் தமிழ்நாட்டில் பரவியபோது, காய்ச்சல் போன பின்னரும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி நின்றது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கை கால் வலுவிழத்தல், மலஜலம் கட்டுப்படாமை, காரணமின்றி இளைத்தல், இரவில் வலி மிகுதல் ஆகியவை தோன்றினால் தாமதிக்கலாகாது. தைராய்டுச் சுரப்பியின் குறைவும், கொழுப்பைக் குறைக்க உண்ணும் சில மாத்திரைகளும்கூடத் தசைவலியை உண்டாக்கும். அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் உடலெங்கும் வலியும் உறக்கமின்மையும் சோர்வும் நீடிக்கும் நிலையும் ஒன்று உண்டு. ஃபைப்ரோமயால்ஜியா என்று வைத்தியர் கூறுவர். அது பாசாங்கன்று. அதற்கென்று நிச்சயமான தனி உணவு இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிவரும் நடையும் தேகப்பயிற்சியும், ஒழுங்கான உறக்கமுமே முதன்மையான சிகிச்சை. படுத்தே இருந்தால் வலி வளரும்.

நிலத்தில் செய்யத்தக்கவை

சத்துள்ள தட்டு சத்துள்ள வயலிலிருந்து வருவது. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கி நிரந்தரமாக நடந்துவரும் எருச் சோதனை வயல்களின் விளைவைக் கொண்டு, மக்காரிசனும் அவ்வூர் வேளாண்மை ரசாயன நிபுணர் விசுவநாத்தும் 1926-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். தொழு எருவிட்ட நிலத்துத் தானியம், ரசாயன உரம் மட்டும் இட்ட நிலத்துத் தானியத்தைவிடச் சத்து மிகுந்ததாகக் கண்டனர். இன்றைய அறிவின்படி, தானியத்தின் சத்து அதன் ரகம், மண், உரம் மூன்றையும் பொறுத்தது. துத்தநாகம் குறைந்த மண்ணில் விளைந்த அரிசியிலும் துத்தநாகம் குறையும். ஆகவே தொழு எருவோடு, மண் பரிசோதனைப்படி நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுவது விளைச்சலுக்கும் உண்போருக்கும் நலம்.

ஐந்து ஏக்கர் உடையவர் கால் ஏக்கரைக் குடும்பத்தின் கேழ்வரகுக்கு ஒதுக்குதல் பாரமாகாது. இறவைக் கேழ்வரகுக்கு எக்டேருக்கு 5 கிலோ விதையை நாற்றுவிட்டு, சுமார் 18 முதல் 20 நாள் நாற்றை நடலாம். தொழு எரு 12.5 டன்னும், தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முறையே 60, 30, 30 கிலோவும் பொதுச் சிபாரிசு. கால் ஏக்கருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் போதும். மானாவாரிப் புன்செயில் பின்பருவத்தில் கொள்ளு விதைக்கலாம். வரப்போரத்தில் அகத்தியும், கிணற்றடியில் கறிவேப்பிலையும், புழக்கடையில் இரண்டு முருங்கையும் ஒரு நெல்லியும் இருந்தால் வருஷம் முழுவதும் கீரைக்குக் குறைவிராது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 முருங்கை விதையிலிருந்து ஓராண்டுக்குள்ளேயே காய்ப்பது. கறக்கும் பாலை முழுவதும் சங்கத்துக்கு ஊற்றிவிடாமல், ஆளுக்குக் கால் லிட்டர் வீதம் வீட்டில் நிறுத்திக்கொள்வதே இத்திட்டத்தின் உயிர்நாடி. பாலுக்கு வரும் பணம் கண்ணுக்குத் தெரிகின்றது. பாலின்றித் தேயும் எலும்பு தெரிவதில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

பொதுக் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றிலிருந்தும் சுத்தமான பிளாஸ்டிக் குப்பியில் நீரெடுத்து, இடமும் தேதியும் குறித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். ஃப்ளோரைடு மிகுந்த கிணற்றுக்குச் சிவப்பு அடையாளமிட்டு, குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மட்டும் என்று எழுதி வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோகைச் சோதனை நடக்கும் நாளை முன்னதாக அறிவித்தல், நடவுக் கூலியாட்களுக்கு எலிக் காய்ச்சலைப் பற்றி எச்சரித்தல், சந்தையில் பெயரில்லா மருந்து விற்போரை அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் ஆகியவையும் அவர்களால் இயலும்.

பொது விநியோக அரிசியோடு இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய மணிகளைக் கலந்து தரும் முறை 2020-ல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. அம்மணிகள் சற்றே நிறம் வேறுபட்டிருப்பதால், பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பலர் பொறுக்கி எறிந்தனர். அவை அரிசி மாவினால் செய்தவையே. இத்தகைய வதந்தியை ஊரில் நம்பிக்கை பெற்ற அதிகாரியின் ஒரு சொல் போக்கும்.

முடிவாக, வலியுள்ளவர் மூன்று மாதத்திற்கு மேற்கண்ட உணவுக் கணக்கைக் கைக்கொண்டு, வாரம் ஒரு நாள் மூன்று விஷயங்களைக் குறித்து வரலாம்: தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிந்ததா, எவ்வளவு தூரம் நடந்தார், வலி மாத்திரை எத்தனை உண்டார் என்பன. மூன்றும் திருந்தி வந்தால் வழி சரி. திருந்தாவிடில் அக்குறிப்பையே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லலாம். அது அவருக்கும் பெரிதும் உதவும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிபனுக்குக் கொடு என்பது பழமொழி. நிலமுடைய குடியானவருக்கோ வாணிபனிடமும் போக வேண்டிய அவசியம் இல்லை. கேழ்வரகும் எள்ளும் கீரையும் பாலும் அவர் வேலிக்குள்ளேயே இருக்கின்றன.